பி வகை: ஹ்வாசோங் கொலைகளும் கானாடுகாத்தான் திண்ணையும்

கொலைக் கேஸ் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் 1952-ஆம் வருஷத்து ஆளவந்தார் கேஸ்தான். சென்னையில் பேனா வியாபாரம் பார்த்தவர். தலையில்லாத அவர் உடல் போட் மெயில் ரயிலில் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. காணாமல் போன அன்று எந்த வீட்டுக்குப் போனார், அந்த வீட்டுப் பெண்ணோடு அவருக்கு என்ன பழக்கம் என்று விசாரித்ததுமே வழி தெரிந்துவிட்டது. பம்பாய்க்குப் போயிருந்த தம்பதியைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

"முன்விரோதம், தொடர்பு, பங்காளித் தகராறு. இந்த மூணுல ஒண்ணு எஃப்.ஐ.ஆர்.ல ஏறிட்டா பாதிக் கேஸ் முடிஞ்சது தம்பி" என்பார் ஏட்டய்யா. ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுதியே நடுவிரல் காய்த்துப்போனவர். நான் தேவகோட்டை கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வக்கீல். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு முகப்பு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நீளும் வீட்டில் ஆச்சி ஒருத்தர்தான். பிள்ளைகளெல்லாம் கடல் தாண்டி. சாயங்காலமானால் ஏட்டய்யா வந்துவிடுவார். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு வழக்கை எடுத்து அலசுவோம். கோர்ட்டில் வாய்தா வாங்கிக் களைத்து வருகிற எனக்கு, முடிந்துபோன வழக்குகளின் மேல் ஒரு பிரியம்.

அப்படி எடுத்ததில் எங்களை அதிக நாள் பிடித்து வைத்துக்கொண்டது தென்கொரியாவின் ஹ்வாசோங் வழக்கு. ஏட்டய்யா சொல்லும் மூன்றில் எதுவுமே பொருந்தாத வழக்கு. கொன்றவனுக்கும் செத்தவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

நடந்தது

ஹ்வாசோங், சோல் நகரத்துக்குத் தெற்கே க்யோங்கி மாகாணத்தில் இருக்கிறது. 1980-களில் நெல்வயலும் அங்கங்கே ஆலைகளுமாக இருந்த பகுதி. பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வரப்பு வழியாக இருட்டில் நடக்க வேண்டும். 1986 செப்டம்பர் 15 அன்று, மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய 71 வயதுப் பெண் வழியில் கொல்லப்பட்டார். உடல் நாலு நாள் கழித்துக் கிடைத்தது.

"எழுபத்தோரு வயசுக் கிழவியையா?" என்று ஆச்சி கேட்டதோடு அன்றைய பேச்சு நின்றுவிட்டது. பேசாமல் எழுந்து போய் நடுவாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் 25 வயதுப் பெண். டிசம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பேர். 1987 ஜனவரியில் ஒருவர், மே மாதம் ஒருவர். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஊர் மறக்கத் தொடங்கியபோது 1988 செப்டம்பரில் பத்து நாளுக்குள் இரண்டு. 1990 நவம்பரில் ஒரு பள்ளிச் சிறுமி. 1991 ஏப்ரல் 3-இல் 69 வயதுப் பெண். நாலரை ஆண்டில் பத்துக் கொலைகள். பெரும்பாலும் ராத்திரி வழியில் மறித்து, பலாத்காரம் செய்து, அவர்கள் உடுத்தியிருந்த துணியாலேயே கட்டிக் கழுத்தை நெரித்திருந்தான்.

போலீஸ் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வழக்குக்காக வேலை செய்த போலீஸ்காரர்களை நாள் கணக்கில் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 21,280 பேரை விசாரித்தார்கள். 40,116 பேரின் கைரேகையை ஒப்பிட்டார்கள். ராத்திரி வயல்காட்டில் ஒளிந்து கிடந்தார்கள். கொலை நடந்த பக்கம் வயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையை நட்டு, அதன் மேல் 'நீயாகச் சரணடையாவிட்டால் கைகால் அழுகிச் சாவாய்' என்ற பொருளில் எழுதியும் வைத்தார்கள். இதைச் சொன்னதும் ஏட்டய்யா சிரிக்கவில்லை. "கையில ஒண்ணும் இல்லாதப்ப எல்லா ஸ்டேஷனும் இதைத்தான் செய்யும். இங்கன்னா கோட்டை முனிக்குக் காசு வெட்டிப் போட்டிருப்பாக."

தூக்கம் கெட்டு, குடும்பம் கெட்டு ஒரே கொலைகாரனின் பின்னால் அலைகிற துப்பறிவாளரின் வெறியைக் கொண்டாடுவது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இந்த வழக்கைப் படித்த பிறகு அது வலுத்துவிட்டது.

சல்லடை

21,280 பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஆற அமர விசாரிக்க முடியாது. ஒரு சல்லடை வேண்டும். ஹ்வாசோங் போலீசுக்குக் கிடைத்த சல்லடை ரத்த வகை. கொலை நடந்த இடங்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்துவிட்டு, கொலைகாரன் பி வகை என்று முடிவுகட்டினார்கள். அதிலிருந்து வேலை சுலபம். சந்தேக ஆளைக் கூப்பிடு, ரத்தம் எடு, பி இல்லையென்றால் போகச் சொல்.

கொலைகாரனின் ரத்தம் ஓ வகை.

இந்தச் சோதனையின் அடிப்படை பலவீனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலருக்கு ரத்த வகையைக் காட்டும் பொருள் எச்சில், விந்து போன்ற உடல் திரவங்களிலும் இருக்கும். அதை வைத்துத்தான் அன்றைக்கு வகை பிரித்தார்கள். ஆனால் பலாத்கார வழக்கில் எடுக்கும் மாதிரி பெரும்பாலும் கலப்பு. கொன்றவனுடையதும் செத்தவருடையதும் சேர்ந்தே இருக்கும். ஓ வகைக்காரனிடம் ஏ, பி அடையாளம் இரண்டுமே இருக்காது. கூடவே பி வகைக்காரரின் திரவம் கலந்திருந்தால் சோதனை பி என்றுதான் காட்டும். ஆகவே இந்த முடிவை 'இப்படி இருக்கலாம்' என்று ஓரமாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். அவர்கள் அதை வாசற்கதவாக வைத்துவிட்டார்கள்.

ராணுவத்திலிருந்து 1986 ஜனவரியில் வெளியே வந்த லீ சுன்-ஜே என்ற உள்ளூர் வாலிபன் அந்த வாசலில் மூன்று தடவை வந்து நின்றிருக்கிறான். மூன்று தடவையும் விசாரித்தார்கள். ரத்த வகை பொருந்தவில்லை, கைவசம் இருந்த காலடித் தடமும் பொருந்தவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏழாவது கொலைக்குப் பிறகு அவன் ஏறிய பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் ஆளைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் சொன்னதை வைத்து முகம் வரைந்து ஒட்டினார்கள். அதுவும் உதவவில்லை. செத்துப்போன ஒரு பெண்ணின் கைக்கடிகாரம் தன்னிடம் இருந்தபோதே போலீஸ் நிறுத்தியது, அடையாள அட்டை இல்லாததை மட்டும் கேட்டு விட்டுவிட்டது என்று 2020-இல் கோர்ட்டில் அவனே சாட்சி சொன்னான். தான் ஏன் அப்போதே மாட்டவில்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஆச்சி எழுந்து உள்ளே போய் ஒரு பித்தளைத் தூக்கை எடுத்து வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்துகளை வெட்டாமல் பெட்டகத்துக்குள் வைக்க மாட்டார்கள். பெண்ணுக்குக் கொடுத்த சாமான் ஒவ்வொன்றும் நோட்டில் ஏறியிருக்கும், கரண்டி வரைக்கும். ஆச்சி கல்யாணத்தில், பெயர் வெட்ட வந்தவர் கை தவறி ஒரு எழுத்தை மாற்றி வெட்டிவிட்டார். பன்னிரண்டு தூக்கு. முப்பது வருஷம் கழித்துப் பங்கு பிரிக்கும்போது, எழுத்தைப் பார்த்துப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் தெரியும் அது எனக்கு வந்த சாமான்னு. எங்க அப்பச்சி கடையில வாங்கும்போது கூட இருந்தவுகளே அங்க உக்காந்திருந்தாக. ஆனா எழுத்து அப்படி இருக்கே, என்ன பண்றதுன்னாக. இது ஒண்ணு மட்டும் அடுப்படியில கிடந்ததால தப்பிச்சுது."

தூக்கின் கழுத்தில் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன். உளி ஆழமாகத்தான் இறங்கியிருந்தது.

எட்டாவது கொலை

1988 செப்டம்பர் 16. மற்றவை வயலிலும் வழியிலும் நடந்தன. இது வீட்டுக்குள், தூங்கிக்கொண்டிருந்த பள்ளிச் சிறுமி. அதனால் போலீஸ் இதைத் தனியாக எடுத்து, வேறு யாரோ செய்தது என்று நினைத்தது. 1989 ஜூலையில் அக்கம்பக்கத்தில் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் 22 வயது வாலிபரைப் பிடித்தார்கள். அறையில் கிடைத்த மயிரை அணுக்கதிர் சோதனைக்கு அனுப்பி, அதிலுள்ள உலோகக் கூறுகள் அவருடைய மயிரோடு ஒத்துப்போவதாக அறிக்கை வாங்கினார்கள். அன்றைக்கு அது அறிவியலின் வெற்றி என்று பேசப்பட்டது.

அந்த வாலிபருக்குக் குழந்தையில் போலியோ. ஒரு கால் சரியாக ஊன்ற வராது. சுவரேறிக் குதித்து உள்ளே போனார் என்பது போலீஸ் எழுதிய கதை. மூன்று நாள் தூங்கவிடவில்லை. ஒப்புக்கொண்டார். முதல் விசாரணையில் கோர்ட்டிலும் அதையே சொன்னார். மேல்முறையீட்டில்தான் அடித்து வாங்கிய வாக்குமூலம் என்றார். யாரும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை. இருபது வருஷம் உள்ளே இருந்துவிட்டு 2009-இல் பரோலில் வெளியே வந்தார்.

வெறி என்று நான் சொல்வது இதைத்தான். ஊர் கொந்தளிக்கிறது, பத்திரிகை கேட்கிறது, மேலதிகாரி கத்துகிறார், எப்படியாவது ஒன்றாவது கண்டுபிடித்தாக வேண்டும். தான் தூங்காத போலீஸ்காரர் எதிரே இருப்பவரையும் தூங்கவிடமாட்டார். ஒன்பதாவது கொலையில் 19 வயதுப் பையன் ஒருவனும் இப்படித்தான் ஒப்புக்கொண்டான். மாதிரியை ஜப்பானுக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்ததில் பொருந்தாமல் போனதால் பிழைத்தான். சந்தேகப் பட்டியலில் இருந்த சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1989-இல் பள்ளிக்கூடம் போன எட்டு வயதுக் குழந்தை ஒன்று வீடு திரும்பவில்லை. காணாமல் போன கேஸ் என்று மூடினார்கள். அந்தக் குழந்தையின் எலும்பைப் போலீஸ்காரர்களே கண்டெடுத்து மறைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு மறுவிசாரணை வந்தது முப்பது வருஷம் கழித்து. கணக்கில் இன்னொரு கொலை ஏறக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இதை ஆச்சியிடம் நான் சொல்லவில்லை.

வாக்குமூலம் பற்றி ஒரு வக்கீலாக இங்கே ஒரு வார்த்தை. நம் சட்டத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் போலீசைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை. அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி கிராம நிர்வாக அலுவலர். கொலை செய்தவர் நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய், மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லி, அவர் அதை எழுதி ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைப்பார். தமிழ்நாட்டுக் கொலைத் தீர்ப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்த மனம் திறந்த பேச்சு வரும். முன்பின் பார்த்திராத வி.ஏ.ஓ.விடம் ஒருவர் ஏன் இப்படி மனம் திறக்க வேண்டும் என்று குறுக்கு விசாரணையில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பெட்டகம்

கொரியச் சட்டத்தில் அப்போது கொலைக்கும் காலக்கெடு இருந்தது. 15 வருஷம். பத்தாவது கொலைக்கு 2006 ஏப்ரலில் அது முடிந்துபோனது. 2007-இல் கெடுவை 25 வருஷமாக்கினார்கள், 2015-இல் கொலைக்குக் கெடுவே கிடையாது என்றார்கள். ஆனால் ஏற்கெனவே காலாவதியான வழக்குக்கு அது உதவாது. நம் நாட்டில் கொலைக்கு இப்படி ஒரு கெடு எப்போதும் இருந்ததில்லை. மூன்று வருஷம் வரை தண்டனையுள்ள சின்னக் குற்றங்களுக்குத்தான் உண்டு.

வழக்கு சட்டப்படி செத்த பிறகும் அந்தத் துணிகளையும் மாதிரிகளையும் கொரியர்கள் தூக்கிப் போடவில்லை. என்னைக் கேட்டால், முப்பத்து மூன்று வருஷத்தில் நடந்த ஒரே உருப்படியான போலீஸ் வேலை அதுதான். ஒருவரும் ஓடவில்லை, கத்தவில்லை. பெட்டியில் சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் வெளியே காலம் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகையைக் கண்டுபிடித்தது 1984-இல். ஹ்வாசோங்கில் முதல் பெண் செத்த அதே 1986-இல், லெஸ்டர் பக்கம் இரண்டு சிறுமிகள் கொலையான வழக்கில், ஒரு கொலை விசாரணைக்கு அது முதல்தடவையாகப் பயன்பட்டது. அது செய்த முதல் காரியம், ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் குற்றவாளி இல்லை என்று காட்டியது. உண்மையான ஆள் பிடிபட்டது அடுத்த வருஷம்தான்.

கொரியாவில் கைதிகளின் மரபணுவைச் சேமிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2019 ஜூலையில் போலீஸ் பழைய பெட்டியிலிருந்து ஒன்பதாவது கொலையின் சாமான்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியது. பொருந்திய பெயர் பூசான் சிறையில் இருந்தது. 1994-இல் சோங்ஜு நகரில் தன் மனைவியின் தங்கையைப் பலாத்காரம் செய்து கொன்றதற்காக ஆயுள் தண்டனையில் இருந்த லீ சுன்-ஜே. நல்ல கைதி என்று பெயர் வாங்கியவன். பிறகு ஐந்து, ஏழு, நான்கு, மூன்று என்று அடுத்தடுத்த கொலைகளின் மாதிரிகளும் பொருந்தின. செப்டம்பரில் உலகத்துக்குச் சொன்னார்கள். முதலில் மறுத்தவன் பிறகு 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். அந்தப் பத்தோடு, எலும்பு மறைக்கப்பட்ட குழந்தை உட்பட இன்னும் நாலு. காலக்கெடு முடிந்ததால் இவற்றுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. 2020 ஜூலையில் மாகாணப் போலீஸ் தலைவர் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

ஆச்சிக்கு இது புதிதாகவே படவில்லை. "ஆகாதுன்னு எதையும் தூக்கிப் போடக் கூடாது. நாங்க பர்மாவுலேர்ந்து வந்த ஈனாமல் சட்டியவே இன்னும் வச்சிருக்கோம்."

ஏட்டய்யா மட்டும் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியும் நம் ஊர்ப் பெட்டகத்தின் லட்சணம். கைப்பற்றிய பொருளை மகஜர் எழுதி, 95-ஆம் நம்பர் படிவத்தில் கோர்ட்டுக்கு அனுப்புவது வரை ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு அது கோர்ட்டு சொத்து அறையில் ஒரு மூட்டை. வழக்கு முடிந்தால், மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்பின் கடைசி வரியே சொல்லிவிடும். ரத்தம் தோய்ந்த வேட்டி என்று நான் ஒரு வழக்கில் காட்டச் சொன்னபோது மூட்டையிலிருந்து வந்தது கரையான் அரித்த நூல். இந்தியாவிலேயே முதலில் ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்தது சென்னையில்தான், 1849-இல். அவ்வளவு பழைய சரித்திரம் உள்ள இடத்தில் கரையானுக்கு ஒரு டப்பா மருந்து வாங்க ஆளில்லை.

எட்டாவது கொலையையும் தானே செய்ததாக லீ சொன்ன பிறகு, சிறையிருந்து வந்த மனிதர் மறுவிசாரணை கேட்டார். 2020 நவம்பரில் லீ சாட்சிக் கூண்டில் ஏறினான். டிசம்பர் 17-இல் சுவோன் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வாக்குமூலம் சட்டவிரோதமாகப் பெறப்பட்டது, மயிர்ச் சோதனை அறிக்கை நம்பத்தக்கதில்லை என்றது. கைதானபோது 22 வயது. இப்போது ஐம்பதுக்கு மேல்.

அவர் தொடக்கப் பள்ளியைப் பாதியில் விட்டவர், சரியாக எழுதப் படிக்க வராது, ஆனால் அவர் பெயரில் இருந்த வாக்குமூலம் கோர்வையாக இருந்தது என்று நான் சொன்னதும் ஏட்டய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த வாக்குமூலத்தை எழுதுன ரைட்டர் என்ன ஆனாரு?"

அதை நான் பார்க்கவில்லை. படித்த எதிலும் அவரை நான் தேடியதே இல்லை.

"நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். வி.ஏ.ஓ.கிட்டக் கொடுத்ததாத்தான் கணக்கு. எழுதுனது நான், கையெழுத்து மட்டும் அவர். 'என் மனசாட்சி உறுத்தியதால்'னு ஆரம்பிக்கச் சொன்னாக, ஆரம்பிச்சேன். வாசிச்சுக் காட்டுனப்ப அந்தப் பய எங்கிட்டயே கேட்டான், மனசாட்சின்னா என்னங்கய்யான்னு."

ஆச்சி விளக்கைப் போடச் சொன்னார். நான் போட்டேன். அந்தக் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"விடுதலை" என்றார். செருப்பைத் தேடிக் காலை விட்டுக்கொண்டு, படியிறங்கும்போது சொன்னார்: "அப்பீல்ல. ஏழு வருஷம் கழிச்சு."